ஊரைத் தேடி வந்த பள்ளி

கல்வியை நாடிப் பிள்ளைகள் ஊரை விட்டுச் செல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். சென்றவர் கற்றுத் தேர்ந்து திரும்பினால் ஊர் தழைக்கும். திரும்பாவிடின், தன் கைப்பொருளைச் செலவிட்டுத் தன் மக்களையே இழந்த நிலையில் ஊர் நிற்கும். பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம்மில் பலர் உண்மையில் ஊரைப் பிரிந்தது வேலைக்கு உத்தரவு வந்த நாளில் அன்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, மேற்படிப்புக்காகப் பெட்டியும் படுக்கையும் கட்டிய நாளிலேயே பிரிந்துவிட்டோம்.

கல்வியைத் தேடி மக்கள் செல்வதா, மக்களைத் தேடிக் கல்வி வருவதா என்னும் இக்கேள்விக்கு விடை காண முயன்ற நாடுகளுள் ஒன்று ஐஸ்லாந்து. அந்நாட்டின் ஒரு கோடியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே அமைந்துள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம். பள்ளி சிறிது, அதன் வயதும் பெரிதன்று. ஆயினும் அது பிறப்பதற்கு முன்னிருந்த கதை பல நூற்றாண்டுகள் நீண்டது.

ஐஸ்லாந்து வட அட்லாண்டிக் பெருங்கடலில் ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய தீவு. அதன் மக்கள் தொகை இன்றும் 4 இலட்சத்தை எட்டவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் தென்மேற்கில் தலைநகரான ரெய்க்யவீக்கிலும் அதனைச் சுற்றிலும் வாழ்கின்றனர். தீவின் வடமேற்கில், கை விரித்தாற்போல் ஒரு தீபகற்பம் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. ஏழு கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு நிலக்கழுத்து அதனைப் பெருநிலத்தோடு இணைக்கிறது. விரலுக்கும் விரலுக்கும் இடையே கடல் நீண்டு புகுந்து ஆழ்ந்த கழிகளாகி நிற்கிறது. இதனால் அப்பகுதிக்கு மேற்குக் கடற்கழி நாடு என்று பெயர். மலைகள் செங்குத்தாக எழுந்து மேலே தட்டையாக முடிகின்றன. அவற்றின் அடியில், கடலோரமாக உள்ள குறுகிய சமநிலத்திலேதான் மக்கள் வீடு கட்டி, ஆடு வளர்த்து, மீன் பிடித்து வாழ்ந்து வந்தனர்.

இப்பகுதியின் தலைமை ஊர் ஈசாஃபியோர்துர். பனிக்கட்டிகளின் கடற்கழி என்பது அப்பெயரின் பொருள். கடலுக்குள் வளைந்து நீண்ட ஒரு மணல் திட்டின்மீது அந்நகரம் அமைந்துள்ளது. டேனிஷ் வணிகர்கள் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய மரவீடுகள் சில அங்கு இன்றும் உள்ளன. ஐஸ்லாந்தின் முதல் எந்திர மீன்படகு 1902-ஆம் ஆண்டில் இவ்வூரிலிருந்துதான் கடலில் இறங்கிற்று. இன்றும் நகரில் 3,000 பேருக்குக் குறைவானவர்களே வாழ்கின்றனர். தலைநகரிலிருந்து சாலை வழியாகச் சென்றால் ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தொலைவு. வானூர்தியில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம்; ஆனால் குறுகிய கழிக்குள் மலைகளை அணைந்து இறங்க வேண்டியிருப்பதால், காற்று மிகுந்த நாட்களில் வானூர்தி வருவதில்லை. சுற்றியுள்ள மலைகளின் உயரத்தால், நவம்பர் இறுதி தொடங்கிச் சற்றேறக்குறைய இரண்டு மாத காலம் நகரத்தின்மீது வெயில் படுவதே இல்லை. சனவரி 25-ஆம் நாளை ஒட்டிச் சூரியன் மலைக்கு மேல் தலைகாட்டும்போது, வீடுதோறும் மெல்லிய இனிப்பு அடை சுட்டுக் காப்பியுடன் உண்டு மகிழ்வார்கள். சூரியனுக்கு விருந்து வைக்கும் ஊர் அது.

இத்தகைய நாட்டில் கல்வி எவ்வாறு பரவிற்று என்பது வியப்புக்குரிய செய்தி. பள்ளிக்கூடங்கள் மிகுதியாக இல்லாத காலத்திலேயே ஐஸ்லாந்து மக்கள் எழுத்தறிவு பெற்றிருந்தனர். 1740-களில் டென்மார்க்கின் அரசு, லுத்விக் ஹார்போ என்னும் சமய அறிஞரை அனுப்பித் தீவின் சமய நிலையையும் கல்வி நிலையையும் ஆராயச் செய்தது. அதன்பின் பிறந்த ஆணைகளின்படி, பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் கடமை பெற்றோர்க்கும் குடும்பத் தலைவர்க்கும் உரியதாயிற்று. ஊர்ப் பாதிரியார் வீடு வீடாகச் சென்று பிள்ளைகள் படிக்கிறார்களா என்று சோதித்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். படிக்கத் தெரியாத பிள்ளைக்குச் சமய உறுதிச் சடங்கு நடைபெறாது. இதன் பயனாக 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏறக்குறைய அனைவரும் படிக்கத் தெரிந்தவராயினர்.

இதற்குத் துணைநின்ற வழக்கம் ஒன்றும் உண்டு. மாலை விழிப்பு எனப் பொருள்படும் க்வோல்ட்வாக்கா என்பது அதன் பெயர். நீண்ட குளிர்கால மாலைகளில், புல்மண் வீட்டின் ஒரே கூடத்தில் குடும்பத்தினரும் பணியாட்களும் கூடியிருந்து கம்பளி நூற்பர், பின்னுவர். ஒருவர் மட்டும் விளக்கின் அருகே அமர்ந்து பழங்கதைகளையும் பாடல்களையும் உரக்கப் படிப்பார். கை வேலை செய்ய, காது கல்வி பெறும். நம் நாட்டுத் திண்ணைகளில் ஒருவர் பாரதம் படிக்கப் பலர் கேட்ட காட்சி சிலருக்கு நினைவுக்கு வரலாம்.

ஆனால் படிக்கத் தெரிந்திருப்பது வேறு. உயர்கல்வி பெறுவது வேறு. உயர்கல்விக்குரிய இடங்கள் தொடக்கத்தில் இரண்டே. தெற்கில் ஸ்கால்ஹோல்ட்டில் 1056-ஆம் ஆண்டிலும், வடக்கில் ஹோலாரில் 1106-ஆம் ஆண்டிலும் ஆயர் ஆசனங்கள் ஏற்பட்டன. அவற்றைச் சார்ந்து சமயப் பள்ளிகள் நடந்தன. பின்னர் வந்த இலத்தீன் பள்ளிகளும் அவ்விரு இடங்களிலேயே நிலைபெற்றன. வடக்கில் உள்ளவர்க்கு வடக்கிலும், தெற்கில் உள்ளவர்க்குத் தெற்கிலும் ஒரு வாயில் திறந்திருந்தது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நிலை குலைந்தது. 1783-இல் லாக்கி என்னும் எரிமலைப் பிளவு வெடித்துப் புல்வெளிகளை நஞ்சாக்கிற்று. கால்நடைகள் மடிந்தன, தொடர்ந்த பஞ்சத்தில் நாட்டு மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டனர். மறு ஆண்டில் நேர்ந்த நிலநடுக்கத்தில் ஸ்கால்ஹோல்ட்டின் கட்டடங்கள் இடிந்தன. அங்கிருந்த பள்ளி ரெய்க்யவீக்குக்கு மாற்றப்பட்டது. 1801-இல் ஹோலார் ஆயர் ஆசனமும் நீக்கப்பட்டு, அதன் பள்ளி மூடப்பட்டது. எஞ்சிய ஒரே இலத்தீன் பள்ளி 1805-இல் பெஸ்ஸஸ்தாதிர் என்னும் இடத்துக்குச் சென்று, 1846-இல் மீண்டும் ரெய்க்யவீக்குக்குத் திரும்பிற்று. இவ்வாறு நாடு முழுமைக்கும் ஒரே பள்ளி, அதுவும் தென்மேற்கு மூலையில் என்றாயிற்று. மேற்குக் கழி நாட்டு மாணவன் இலையுதிர் காலத்தில் குதிரையின்மீதோ படகிலோ புறப்பட்டுச் செல்வான். புல் அறுக்கும் கோடையில் வீடு திரும்புவான். இயன்றவர் மிகச் சிலரே.

ஐஸ்லாந்தின் விடுதலை இயக்கத் தலைவரான யோன் சிகுர்த்ஸனின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. அவர் 1811-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மேற்குக் கழி நாட்டில் ஹ்ராப்ன்ஸெய்ரி என்னும் பாதிரியார் இல்லத்தில் பிறந்தார். தம் தந்தையாரிடமே வீட்டில் பாடம் கேட்டு, 1829-இல் ரெய்க்யவீக் சென்று தேர்வில் தேறினார். 1833-இல் மேற்படிப்புக்காகக் கோபன்ஹேகன் சென்றவர், 1879-இல் இறக்கும் வரையில் அந்நகரத்தையே இருப்பிடமாகக் கொண்டார். நாட்டுக்காக உழைத்த பெருந்தலைவரும் கல்வியின் பொருட்டுப் புறப்பட்டவர், பிறந்த ஊருக்கு வாழத் திரும்பவில்லை. 1842-இல் தாம் நடத்திய ஆண்டிதழில் ஐஸ்லாந்தின் பள்ளிகளைப் பற்றி அவர் நீண்டதொரு கட்டுரை வரைந்தார். நாட்டின் உரிமை வேட்கையையும் பள்ளிகளின் தேவையையும் அவர் வேறுவேறாகக் கருதவில்லை. அவர் பிறந்த நாளே 1944-இல் குடியரசு நாளாகக் கொள்ளப்பட்டது.

ஒரே வாயில் என்ற நிலையை முதலில் மாற்ற முற்பட்டவர்கள் வடபகுதி மக்கள். ஹோலார் பள்ளியை இழந்த வருத்தம் அவர்களிடம் ஆறாதிருந்தது. 1880-இல் மோத்ருவெட்லிர் என்னும் இடத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. 1902-இல் அக்கட்டடம் தீக்கிரையாகவே, பள்ளி அருகிலுள்ள அக்குரேரி நகரத்துக்குப் பெயர்ந்தது. 1904-இல் அங்கு எழுந்த பெரிய மரக்கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆயினும் அப்பள்ளியில் பயின்றவர் பல்கலைக்கழகம் செல்ல வேண்டுமாயின் இறுதித் தேர்வுக்கு ரெய்க்யவீக்கையே நாட வேண்டியிருந்தது. பல ஆண்டு வாதத்துக்குப் பின், 1930-இல் அது முழு உரிமை பெற்ற மேல்நிலைப் பள்ளியாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மூடிக் கிடந்த வட வாயில் மீண்டும் திறந்தது.

பெண்களுக்கோ, ஊர் அருகில் இருந்தும் கதவு அடைத்தே கிடந்தது. ரெய்க்யவீக் பள்ளியில் மாணவியர் முறையாகச் சேர்ந்து பயிலும் உரிமை 1904-இல் வந்தது. வகுப்புகள் அனைத்தையும் கற்றுத் தேறிய முதற்பெண் 1910-இல் வெளிவந்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதோடு, கல்வியிலும் அரசுப் பதவிகளிலும் பெண்களுக்குச் சம உரிமை அளிக்கும் சட்டமும் நிறைவேறிற்று. தொலைவு என்பது மலையாலும் கடலாலும் மட்டும் ஏற்படுவதில்லை என்பதை இச்செய்தி நமக்கு உணர்த்துகிறது.

மேற்குக் கழி நாட்டில் அரசு பள்ளி அமைக்கும் முன்பே ஒரு தனி மனிதர் முயன்றார். தீரா கழியின் கரையிலுள்ள நூப்பூரில் பாதிரியாராக இருந்த சிக்த்ரிக்கூர் குத்லௌக்ஸன், 1907-இல் இளைஞர்க்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இரண்டாண்டுகளுக்குப் பின் பள்ளியருகே ஒரு தோட்டமும் அமைத்தார். ஸ்க்ரூதூர் என்பது அதன் பெயர். மரம் வளராது என்று மக்கள் எண்ணியிருந்த மண்ணில் மரமும் பூவும் காய்கறியும் வளரும் என்பதை மாணவர் கண்ணால் கண்டு கையால் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. திமிங்கிலத்தின் தாடை எலும்புகளால் வளைவு அமைத்த அத்தோட்டத்தை இன்றும் காணலாம். அவரது பள்ளியில் கற்ற பலர் தத்தம் ஊர்களில் பொதுப்பணிகளில் முன்னின்றனர். எனினும் அதுவும் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் பள்ளியன்று. மேலே படிக்க விரும்பியவன் பதினாறாம் வயதில் வீட்டை விட்டே தீர வேண்டும்.

1946-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பெரிய மாறுதலைச் செய்தது. மேல்நிலைப் பள்ளியில் புகுவதற்கு நாடு முழுவதும் ஒரே பொதுத் தேர்வு என்னும் முறை ஏற்பட்டது. தலைநகரப் பிள்ளையும் மீனவக் குப்பத்துப் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதினர். திறமை உள்ளவர்க்குத் தடையில்லை என்றாயிற்று. ஆனால் இந்நன்மையே ஒரு தீமைக்கும் வழிகோலிற்று. தேர்வில் வென்ற பிள்ளைகளெல்லாம் ரெய்க்யவீக்குக்கோ, அக்குரேரிக்கோ, 1953-இல் மேல்நிலைப் பள்ளியாக உயர்ந்த லௌகர்வாத்னுக்கோ சென்றாக வேண்டும். விடுதிச் செலவு பெற்றோர் தலையில் விழுந்தது. செலவுக்கு வழியற்றவர் வீட்டுப் பிள்ளை வென்றும் தோற்றவனானான். வழியுள்ளவர் சிலர், பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போன பின்னர்த் தாமும் வீட்டை விற்றுவிட்டுத் தலைநகருக்கே குடிபெயர்ந்தனர்.

ஊர்கள் அழியக்கூடும் என்பது அங்கு வெறும் அச்சமாக இல்லை. ஈசாஃபியோர்துருக்கு வடக்கே, கழிக்கு அப்பால் ஹார்ன்ஸ்த்ராந்திர் என்னும் கரைப்பகுதி இருக்கிறது. சாலையும் துறைமுகமும் இன்றி அங்கு வாழ்ந்த குடும்பங்கள் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. 1950-களின் தொடக்கத்தில் அப்பகுதி முழுவதும் குடியற்றுப் போயிற்று. வீடுகள் நின்றன, ஆலயம் நின்றது, ஆட்கள் இல்லை. 1975-இல் அரசு அதனை இயற்கைக் காப்பிடமாக்கிற்று. கழியின் இக்கரையில் இருந்தவர்களுக்கு அக்கரை ஓர் எச்சரிக்கையாயிற்று. இன்று அங்கே, நாளை இங்கே என்னும் கவலை மேற்குக் கழி மக்களின் நெஞ்சில் குடிகொண்டது.

ஆகவே மேல்நிலைப் பள்ளி வேண்டும் என்னும் கோரிக்கை ஊரை நிலைநிறுத்தும் கோரிக்கையாகவே எழுந்தது. இத்தனை சிறு மக்கள் தொகைக்கு ஒரு முழுப் பள்ளி தாங்குமா, தகுதி வாய்ந்த ஆசிரியர் அங்குச் செல்வரா, பெரிய பள்ளிகளின் தரம் அங்குக் கிடைக்குமா என்ற ஐயங்கள் எழாமலில்லை. அவை பொருளற்ற ஐயங்கள் என்றும் நாம் கூறமாட்டோம். எனினும் 1960-களின் நடுவில் மேற்குக் கழிப் பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் மேல்நிலைப் பள்ளிகள் அமைக்க நாடாளுமன்றம் சட்டத்தில் இடம் செய்தது. 1970-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஈசாஃபியோர்துர் மேல்நிலைப் பள்ளி தொடங்கிற்று. கிழக்குப் பகுதி மக்கள் எகில்ஸ்தாதிரில் தம் பள்ளியைக் காண 1979 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

புதிய பள்ளிக்குப் புதிய மாளிகை எதுவும் கட்டப்படவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடத்திலேயே வகுப்புகள் நடந்தன. சில மாணவர்க்கு அது தம் பாட்டனார் அரிச்சுவடி கற்ற கட்டடமாகவும் இருந்திருக்கும். அக்காலத்தில் மேல்நிலைப் படிப்பு நான்கு ஆண்டுகள்; பதினாறில் புகுந்து இருபதில் வெளிவருவர். முதல் அணியினர் 1974-இல் இறுதித் தேர்வில் தேறி, அந்நாட்டு வழக்கப்படி வெண்ணிறத் தொப்பி அணிந்தனர். மேற்குக் கழி நாட்டுப் பிள்ளைகள் தம் பகுதியிலேயே பயின்று, தம் பகுதியிலேயே அத்தொப்பியை அணிந்தது வரலாற்றில் அதுவே முதன்முறை. அதைக் காணப் பெற்றோர் கப்பல் ஏற வேண்டியிருக்கவில்லை.

பின்னர் நகரின் டோர்ஃப்நெஸ் பகுதியில் பள்ளிக்குத் தனிக் கட்டடங்களும் மாணவர் விடுதியும் அமைந்தன. மலைக்கு அப்பாலுள்ள சிற்றூர்ப் பிள்ளைகள் வாரநாட்களில் விடுதியில் தங்கிப் பயின்றனர். பல்கலைக்கழகத்துக்குரிய பாடங்களோடு உலோக வேலை, எந்திர வேலை, தச்சு போன்ற தொழிற்பாடங்களும் இடம்பெற்றன. மீன்பிடி ஊருக்கு நூலறிவு மிக்கவர் மட்டும் போதார்; படகின் எந்திரத்தைப் பழுது பார்ப்பவரும் வேண்டும் என்பதைப் பள்ளி உணர்ந்திருந்தது. இருண்ட இரு மாதங்கள் கழிந்தபின் மாணவர்கள் ஆண்டுதோறும் சூரியன் திரும்புதலைக் கொண்டாடிக் கலைவிழா நடத்துகின்றனர். நாடகமும் இசையும் அவ்விழாவில் சிறப்பிடம் பெறும். ஊரார் அனைவரும் அதற்கு விருந்தினர்.

இங்கு ஒரு செய்தியைத் தனியே குறிப்பிட வேண்டும். அப்பள்ளியில் கணிதமும் இயற்பியலும் வரலாறும் அனைத்தும் ஐஸ்லாந்து மொழியிலேயே கற்பிக்கப்படுகின்றன. நான்கு இலட்சம் பேருக்கும் குறைவானவர் பேசும் மொழி அது. புதிய பொருள் வரும்போது அயற்பெயரை அப்படியே ஏற்காமல், பழஞ்சொல்லைப் புதுப்பித்தோ இரு சொற்களை இணைத்தோ தமக்கெனச் சொல் படைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். தொலைபேசிக்கு நூலிழையைக் குறித்த ஒரு பழஞ்சொல்லை மீட்டு வழங்கினர். கணிப்பொறிக்கு, எண் என்னும் சொல்லையும் குறிசொல்லும் மூதாட்டியைக் குறிக்கும் சொல்லையும் கூட்டி ஒரு பெயர் அமைத்தனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது பெருமகிழ்ச்சி அளிப்பதில் வியப்பில்லை. ஆயின் இதன் பயன் சொல்லழகோடு நிற்கவில்லை. உயர்வகுப்பும் வீட்டில் பேசும் மொழியிலேயே நடப்பதால்தான், கோடியிலுள்ள ஊரிலும் அதனை நடத்த முடிந்தது. மீனவன் மகள் முதல் நாளே பாடத்தைப் பின்தொடர முடிந்தது.

பள்ளி வந்துவிட்டதால் துன்பம் நீங்கிவிட்டது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. 1984-இல் மீன்வளத்தைக் காக்கும் பொருட்டு, படகு ஒவ்வொன்றும் பிடிக்கத்தக்க அளவை அரசு வரையறுத்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை விற்கவும் வாங்கவும் இடமளித்தது. மீன்வளம் காக்கப்பட்டது, ஆனால் உரிமை விலைபோன சிற்றூர்களில் படகுகள் கரையேறின, மீன் பதனிடும் சாலைகள் மூடின. கடலை நம்பி வாழ்ந்த ஊர், கடல் அருகிலிருந்தும் தொழிலற்றதாயிற்று.

அதனினும் கொடியதொரு ஆண்டு 1995. சனவரி 16-ஆம் நாள் விடியற்காலையில் அருகிலுள்ள சூதவீக் என்னும் சிற்றூரின்மீது பனிச்சரிவு விழுந்து 14 உயிர்களைக் கவர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் ஃப்ளாட்டெய்ரியில் விழுந்த பனிச்சரிவில் 20 பேர் மாண்டனர். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூர்கள் அவை. நாடே துயரில் ஆழ்ந்தது. இவ்வூர்களில் மக்கள் இனியும் வாழத்தான் வேண்டுமா என்ற கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. சூதவீக் ஊரார் ஆபத்தில்லாத இடத்தில் தம் ஊரைப் புதிதாகக் கட்டிக்கொண்டனர். ஃப்ளாட்டெய்ரிக்கு மேலே பனியைத் திசைதிருப்பும் பெருங்கரைகள் எழுப்பப்பட்டன. சென்றவர் சென்றனர், நின்றவர் நின்றனர்.

அடுத்த ஆண்டில் ஒரு நற்செய்தி வந்தது. ஈசாஃபியோர்துரையும் மலைக்கு அப்பாலுள்ள சூதுரெய்ரி, ஃப்ளாட்டெய்ரி ஆகிய ஊர்களையும் இணைக்கும் மலைக்குடைவு வழி 1996-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழி மலையின் வயிற்றிலேயே இரண்டாகப் பிரிகிறது. அதற்குமுன் 600 மீட்டர் உயர மலைப்பாதையைக் கடக்க வேண்டும். குளிர்காலத்தில் பனி அதனை அடைத்துவிடும். வழி திறந்தபின், காலையில் பள்ளி சென்ற பிள்ளை மாலையில் தன் வீட்டுக்குத் திரும்பி உண்ணலாயிற்று. 2010-இல் பொலுங்கர்வீக் ஊருக்கும், 2020-இல் தீரா கழிக்குத் தெற்கேயும் வேறு குடைவு வழிகள் திறந்தன. பள்ளி ஊரைத் தேடி வந்தது முதற்படியானால், பள்ளிக்குச் செல்லும் பாதை வந்தது இரண்டாம் படி என்க.

இனி, கணக்குப் பார்க்கும் வேளை. பள்ளி தொடங்கிய 1970-ஐ ஒட்டி மேற்குக் கழி நாட்டில் ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்தனர். இன்று அங்கு வாழ்வோர் 7,000 பேரைச் சற்றே கடந்தவர். ஊர் குறையலாகாது என்பதற்காக அமைந்த பள்ளியின் காலத்திலேயே ஊர் குறைந்தது. அவ்வாறாயின் பள்ளி தோற்றதா?

தோற்றது என்று சொல்ல நமக்கு மனம் இசையவில்லை; காரணமும் உண்டு. மீன்பிடி உரிமை விலைபோனதைப் பள்ளி தடுத்திருக்க இயலாது. பனிச்சரிவையும் தடுத்திருக்க இயலாது. ஒரு பள்ளி தன் தோளில் தாங்கக்கூடிய சுமைக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் அது செய்தது பெரிது. பதினாறு வயதில் நிகழ்ந்த பிரிவை இருபது வயதுக்குத் தள்ளிவைத்தது. பிள்ளைப் பருவத்தில் ஊரைப் பிரிபவன் ஊரைக் கனவாகவே அறிவான். வளர்ந்தபின் பிரிபவனோ அதன் தொழிலையும் குறையையும் மனிதரையும் நன்கறிந்து பிரிகிறான். திரும்புவதா வேண்டாமா என்று தானே தேர்ந்துகொள்ளும் ஆற்றல் அவனுக்கு உண்டு. திரும்பியவர்களும் உளர். முன்னர்ப் போக வேண்டும் என்பது கட்டாயம்; பள்ளி வந்தபின் அது விருப்பம். கட்டாயத்துக்கும் விருப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை, பெட்டி கட்டிப் புறப்பட்ட அனுபவமுள்ள நேயர்கள் நன்குணர்வர்.

பள்ளி வேறொன்றுக்கும் வித்திட்டது. மேல்நிலைக் கல்வி வேரூன்றிய ஊரில் 2005-இல் மேற்குக் கழிகளின் பல்கலைக்கழக மையம் தோன்றிற்று. கடலோர மேலாண்மை பற்றி உயர்பட்டப் படிப்புப் பயிலப் பல நாட்டு மாணவர் அங்கு வருகின்றனர். ஒரு காலத்தில் மாணவரை அனுப்பிக்கொண்டிருந்த ஊர் மாணவரை வரவேற்கும் ஊராயிற்று. மேல்நிலைப் பள்ளியும் தொலைவழிக் கல்வி நடத்துகிறது. இளமையில் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றவர்கள், இல்லத்திலிருந்தவாறே விட்ட பாடத்தைத் தொடர முடிகிறது. பிற பகுதிகளும் இதே வழியில் சென்றன. வடக்கில் 2010-இல் ஹெதின்ஸ் கழியின் வழியே மலைக்குடைவு பாதை திறந்த ஆண்டிலேயே, அதனால் இணைந்த ஊர்களுக்கெனத் திரெட்லஸ்காகி மேல்நிலைப் பள்ளி ஓலாஃப்ஸ்ஃபியோர்துரில் தொடங்கிற்று.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்துவரும் ஒரு மாறுதலைச் சொல்லி முடிப்போம். மீன் பதனிடும் தொழிலுக்காகப் போலந்து முதலிய நாடுகளிலிருந்து வந்து மேற்குக் கழி நாட்டில் குடியேறியவர் பலர். ஐஸ்லாந்துக்காரர் தலைநகர் நோக்கிச் சென்ற அதே ஊர்களில், கடல்கடந்து வந்தவர்கள் வீடு வாங்கி விளக்கேற்றினர். அவர்தம் பிள்ளைகளும் ஈசாஃபியோர்துர் பள்ளியில் பயில்கின்றனர். அவர்களுக்கென ஐஸ்லாந்து மொழி இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. மாலை விழிப்பில் பழங்கதை கேட்டவரின் பேரனும், வார்சாவிலிருந்து வந்தவரின் மகளும் ஒரே பலகையில் அமர்ந்து பாடம் கேட்கும் இடமாக அப்பள்ளி விளங்குகிறது.

பிழைப்பின் பொருட்டு வேற்று மொழி வழங்கும் மாநிலத்துக்கு வந்து, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியுமாகப் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அக்காட்சி அயலானதன்று. சென்றோரை எண்ணி ஏங்குவது ஊரின் இயல்பு. வந்தோரை ஏற்றுக் கற்பிப்பது பள்ளியின் கடமை. சொந்த மக்கள் குறையக் கண்ட ஓர் ஊர், தன் பள்ளியை மூடிவிடாமல் வந்த மக்களுக்கும் திறந்து வைத்திருக்கிறது. சனவரி மாதம் மலைமீது வெயில் எழும்போது, அடை சுடும் வீடுகளில் சிலவற்றின் அடுப்படியில் இன்று போலிஷ் மொழி ஒலிக்கிறது. அவ்வீட்டுப் பிள்ளைகள் காலையில் புத்தகம் சுமந்து செல்ல, நடந்து போகும் தொலைவில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது.